"இன்னும் அரை மணி நேரம்தான் சார்!" – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "வெளிநாட்டு ஃப்ளைட் லேட்டாகி மாட்டிக்கிட்ட அனுபவம் இருந்தா எழுதுங்க"ன்னு சும்மா ஒரு வரி போட்டோம், மெயில் வந்து குவிஞ்சிடுச்சு, அதுல பாதி கேள்வி, பாதி சாபம். நான் மீனம்பாக்கத்துல 22 வருஷம் செக்-இன் கவுன்ட்டர்லயும் போர்டிங் கேட்லயும் நின்னவ, மேல இருக்கிற தலைப்பை என் வாயாலயே எத்தனை ஆயிரம் தடவை சொல்லிருப்பேன்னு கணக்கே கிடையாது, அதனால சாபத்துல எனக்கும் பங்கு உண்டுன்னு ஒத்துக்கிட்டு கேள்விக்கு வர்றேன்.

அக்கா, எங்க அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. சென்னைலேர்ந்து கல்ஃப் வழியா அமெரிக்காவுக்கு என் தம்பி வீட்டுக்குப் போனாங்க. நடுவுல மாறுற ஏர்போர்ட்ல 16 மணி நேரம் லேட். மத்தவங்க எல்லாம் கூப்பன் வாங்கி சாப்பிட்டிருக்காங்க, இவங்களுக்கு அப்படி ஒண்ணு குடுக்குறாங்கன்னே தெரியல. அப்பாவுக்கு சுகர் வேற. என்ன பண்ணிருக்கணும்? – வாசகி, கும்பகோணம்

இதைப் படிச்சதும் எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வந்துச்சு. ஒரு ஃப்ளைட் 9 மணி நேரம் லேட், எல்லாரையும் பஸ்ல ஏத்தி ஹோட்டலுக்கு அனுப்பியாச்சு, லிஸ்ட்ல டிக் அடிச்சாச்சு, காலைல நாலு மணிக்கு ஏதோ பேப்பர் எடுக்க கேட்டுக்குத் திரும்பிப் போறேன், கடைசி வரிசையில ஒரு வயசான ஜோடி வீல்சேர்ல அப்படியே உக்காந்திருக்காங்க. அந்தம்மா ஹேண்ட்பேக் வாரை மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்தி வச்சிருக்காங்க, மடியில புளியோதரை டப்பா, டப்பா மூடியில மாத்திரையைக் கொட்டி ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டிருக்காங்க. அறிவிப்பு இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் போயிருக்கு. தமிழ்நாட்டு ஏர்போர்ட்ல! "ஏம்மா யாரையும் கேக்கல"ன்னேன். "நீங்கள்லாம் ஓடிக்கிட்டிருந்தீங்க, உங்க வேலையை எதுக்குக் கெடுக்கணும்னுதான்"ன்னாங்க. அந்த தப்பு எங்க மேலதான், இன்னிக்கும் மறக்க முடியல.

உங்க அப்பா அம்மாவுக்கும் இதுதான் நடந்திருக்கும். வீல்சேர் தள்ளுற பையன் ஏர்லைன் ஆள் இல்ல, பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆளு, கொண்டுவந்து ஒரு மூலையில விட்டுட்டு அடுத்த ஃப்ளைட்டுக்குப் போயிடுவான், அவன் ஷிஃப்ட் முடிஞ்சா உங்களை இன்னார்னு தெரிஞ்ச ஆளே அங்க இல்ல. அதனால அடுத்த தடவை ஒரு போஸ்ட்கார்டு சைஸ் அட்டையில இங்கிலீஷ்ல நாலு வரி எழுதி அப்பா சட்டைப் பையில வைங்க: ரெண்டு பேர் பேரு, ஃப்ளைட் நம்பர், பிஎன்ஆர், சுகர் பேஷன்ட், உங்க வாட்ஸாப் நம்பர், "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஃப்ளைட் லேட்டானா தயவுசெஞ்சு டிரான்ஸ்ஃபர் டெஸ்க்ல கொண்டுபோய் விடுங்க"ன்னு ஒரு வரி. டிரான்ஸ்ஃபர் டெஸ்க்ங்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க, கூப்பன், ஹோட்டல், மாத்து ஃப்ளைட் எல்லாமே அங்கதான். மாத்திரை மூணு நாளைக்கு உள்ளது கைப்பையில இருக்கணும், பெரிய பெட்டியில போட்டா அது உங்களுக்கு முன்னாடியோ பின்னாடியோ போயிடும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, இந்தியாவிலேர்ந்து கிளம்புற ஃப்ளைட்டுக்கு டிஜிசிஏ, அதாவது நம்ம நாட்டு விமானத் துறையைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பு போட்ட விதி இருக்கு. பறக்குற நேரம் இரண்டரை மணிக்குள்ளன்னா 2 மணி நேரம் லேட்டானாலே சாப்பாடு தரணும், அஞ்சு மணி நேரத்துக்குள்ள பறக்குற துபாய், சிங்கப்பூர் மாதிரின்னா 3 மணி நேர லேட், லண்டன் மாதிரி அதுக்கும் மேலன்னா 4 மணி நேரம். 24 மணி நேரத்துக்கு மேல போனா ஹோட்டல், ராத்திரி 8 மணியிலேர்ந்து 3 மணிக்குள்ள கிளம்ப வேண்டிய ஃப்ளைட்டா இருந்தா 6 மணி நேரம் தாண்டினாலே ஹோட்டல். நம்ம ஊர்லேர்ந்து வெளிநாடு போற ஃப்ளைட் நிறைய அந்த அர்த்தராத்திரி நேரத்துலதான் கிளம்புது, ஆனா இந்த 6 மணி நேரக் கணக்கை யாரும் கேட்டு வாங்குறதே இல்ல. வெளிநாட்டு டிரான்சிட்ல இந்த விதி செல்லாது, அங்க அந்த நாட்டு விதியும் அந்த ஏர்லைன் வச்சிருக்கிற வழக்கமும்தான், ஆனா பெரிய கம்பெனிங்க கேட்டா குடுக்கும். கேக்கணும். அவ்வளவுதான் விஷயம், கூச்சப்படாம கேக்கணும்.

2024 அக்டோபர்ல திருச்சி–ஷார்ஜா ஃப்ளைட் சுத்திச் சுத்தி வந்ததை டிவில பாத்ததுலேர்ந்து என் வீட்டம்மாவுக்கு பயம், அப்புறம் அகமதாபாத் விபத்து வேற. ஷார்ஜால இருக்கிற பையனைப் பாக்கக்கூட வர மாட்டேங்குறாங்க. எந்த ஏர்லைன் பாதுகாப்பானதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? – வாசகர், திருச்சி

முதல்ல அந்த திருச்சி ஃப்ளைட்டையே எடுத்துக்குவோம். அக்டோபர் 11, சாயங்காலம் 5.40 வாக்குல கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், உள்ள 140 பேருக்கு மேல, கிளம்பின கொஞ்ச நேரத்துல ஹைட்ராலிக் சிஸ்டத்துல கோளாறு. உடனே இறங்க வேண்டியதுதானேன்னு எல்லாரும் கேட்டாங்க. முடியாது. ஷார்ஜா வரைக்கும் போறதுக்கான எரிபொருள் ரொம்பி இருக்கு, அந்த எடையோட இறங்கினா சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் தாங்காத பளு. சில பெரிய விமானத்துல எரிபொருளை வானத்துலயே கொட்டிடலாம், இது போயிங் 737, அதுல கொட்டுற வசதியே கிடையாது. அப்ப என்ன பண்றது, சுத்திச் சுத்தி எரிச்சுத் தீர்க்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல சுத்திட்டு 8 மணிக்கு அப்புறம் பத்திரமா இறங்குச்சு, ஒருத்தருக்கும் கீறல் இல்ல. கீழ 20 ஆம்புலன்ஸ் நிக்குதேன்னு பதறினோம், ஆம்புலன்ஸ் நிக்கிறதுதான் முறை, ஃபயர் சர்வீஸ் நிக்கிறதும் முறைதான். உங்க வீட்டம்மாகிட்ட இதைச் சொல்லுங்க: நீங்க டிவில பாத்தது விபத்து இல்லம்மா, விபத்து நடக்காம பாத்துக்கிட்டதைப் பாத்தீங்க.

அகமதாபாத் வேற. 2025 ஜூன் 12, விமானத்துல 242 பேர், பொழைச்சது ஒரே ஒருத்தர், தரையில இருந்தவங்களும் போயிட்டாங்க. ஜூலைல வந்த முதல்கட்ட அறிக்கைல கிளம்பின சில நொடியிலேயே ரெண்டு எஞ்சினோட எரிபொருள் சுவிட்சும் எரிபொருளை விடுற 'ரன்'லேர்ந்து அதை நிறுத்துற 'கட்ஆஃப்'புக்குப் போயிருக்குன்னு இருந்துச்சு, எப்படிப் போச்சுன்னு அந்த அறிக்கை முடிவு சொல்லல. ஆனா வாட்ஸாப்ல அதுக்குள்ள ஆளாளுக்கு தீர்ப்பே எழுதிட்டாங்க, அதைப் படிச்சுட்டு டிக்கெட் கேன்சல் பண்ணாதீங்க.

ஏர்லைனை எப்படிப் பாக்குறதுன்னா, ரெண்டே எடம் போதும். ஐரோப்பிய யூனியன் தன் வானத்துக்குள்ள விடக்கூடாதுன்னு தடை பண்ணின ஏர்லைன்ஸ் பட்டியல் ஒண்ணு வச்சிருக்கு, யார் வேணா நெட்ல பாக்கலாம். இன்னொண்ணு உலக ஏர்லைன்ஸ் சங்கமான அயாட்டா நடத்துற ஐயோசாங்கிற பாதுகாப்புத் தணிக்கை, அதுல பாஸான ஏர்லைன்ஸ் பட்டியலும் நெட்ல உண்டு. முதல் பட்டியல்ல இல்லாம ரெண்டாவதுல இருந்தா மேற்கொண்டு குடைய வேண்டாம். "உலகின் டாப் 10 பாதுகாப்பான ஏர்லைன்ஸ்"னு வர்ற யூடியூப் வீடியோவை நான் பாக்குறதே இல்ல. டிக்கெட் விலை கம்மின்னா பாதுகாப்பும் கம்மிங்கிறதும் தப்பு, அங்க குறையறது இட்லியும் காலை நீட்டுற எடமும்தான், விமானத்தை சர்வீஸ் பண்ற விதி ஒரே நாட்டுல எல்லா ஏர்லைனுக்கும் ஒண்ணுதான்.

ஏர்லைனை விட உங்க கையில இருக்கிறது நிறைய. 2024 மே 21, லண்டன்லேர்ந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேல பயங்கரமா குலுங்குச்சு, அஞ்சு செகண்டுக்குள்ள 178 அடி கீழ இறங்கிடுச்சுன்னு விசாரணைல சொன்னாங்க. ஒருத்தர் செத்துட்டார், நிறைய பேர் மண்டை மேல போய் முட்டுச்சு. பெல்ட் போடாதவங்கதான் இப்படி எகிறிப் போய் முட்டுறது. சீட்ல இருக்கிற வரைக்கும் பெல்ட் இருக்கட்டும், லைட் அணைஞ்சாலும் லூசாவாவது போட்டிருங்க. அடுத்தது 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. ரன்வேல வேற விமானத்தோட மோதி தீப்பிடிச்ச ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்துல இருந்த 379 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க, பெட்டியை எடுக்கணும்னு யாரும் நிக்காததை உலகமே பாராட்டுச்சு. நம்ம ஆளுங்க சாதாரணமா இறங்குறப்பவே சக்கரம் தரையைத் தொட்ட அடுத்த செகண்ட் எந்திரிச்சு மேல பெட்டியைத் திறப்பாங்க, அதை நெனச்சாதான் எனக்கு பயம். அப்புறம் லைஃப் ஜாக்கெட், அதை விமானத்துக்குள்ள இருக்கிறப்ப ஊதக்கூடாது, வாசல் தாண்டித்தான். 1996ல எத்தியோப்பிய விமானம் ஒண்ணு கொமோரோஸ் தீவு பக்கம் கடல்ல விழுந்தப்ப உள்ளயே ஊதிக்கிட்டவங்க, தண்ணி ஏறினதும் மிதந்து கூரையில ஒட்டிக்கிட்டு வெளிய வர முடியாமப் போனாங்க. அந்த டெமோவை ஏர் ஹோஸ்டஸ் காட்டுறப்ப ஃபோனைக் கீழ வச்சிட்டு ஒரு தடவை பாருங்க, ரெண்டு நிமிஷம்தான்.

இன்னொண்ணு. ஒரு நாள் ஏரோபிரிட்ஜ் வாசல்ல ஒரு என்ஜினியரை சுத்தி நின்னு முப்பது பேர் கத்திக்கிட்டிருந்தாங்க. கையில டார்ச், சட்டையெல்லாம் கிரீஸ், ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. கூட்டம் கலைஞ்சதும் என்கிட்ட "நான் கையெழுத்துப் போடலைன்னா இது போகாது மேடம், அதனாலதான் போடல"ன்னார். டெக்னிக்கல்னு லேட்டாச்சுன்னா எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வரும்.

வணக்கம் அக்கா. நாங்கள் பாரிசில இருக்கிறம். போன கோடையில சென்னைக்கு வெளிக்கிட்ட பிளைட் ஏழு மணித்தியாலம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. மெஷினில பிழை எண்டு சொன்னவை. காசு ஒண்டும் கிடையாதாம், சாப்பாட்டுக் கூப்பன் மட்டும்தான் எண்டு சொல்லிப்போட்டினம். உண்மையோ? – வாசகர், பாரிஸ்

உண்மை இல்லைங்க, நல்லா ஏமாத்தப் பாத்திருக்காங்க. ஐரோப்பிய யூனியன்லேர்ந்து கிளம்புற எந்த ஃப்ளைட்டா இருந்தாலும், எந்த நாட்டு ஏர்லைனா இருந்தாலும் 261ன்னு ஒரு சட்டம் இருக்கு, 2004ல வந்தது. போய்ச் சேர்றது 3 மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டானா காசு உண்டு, தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. பாரிஸ்–சென்னை 3500 கிலோமீட்டருக்கு மேல, ஏழு மணி நேர லேட், அப்ப ஆளுக்கு 600. சீட் வாங்கின பிள்ளைக்கும் சேத்துத்தான். மெஷின் பிழைங்கிற சாக்கு பொதுவா எடுபடாது, வழக்கமா வர்ற டெக்னிக்கல் கோளாறு "அசாதாரண சூழ்நிலை" ஆகாதுன்னு 2008லயே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிடுச்சு. புயல், வான்வழிக் கட்டுப்பாட்டு (ஏடிசி) ஆட்களோட ஸ்ட்ரைக், எரிமலைச் சாம்பல்னா வேற. ஏர்லைன் வெப்சைட்ல அந்தக் க்ளெய்ம் ஃபார்ம் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், போர்டிங் பாஸ் ஃபோட்டோவோட நீங்களே போடுங்க, "நாங்க வாங்கித் தர்றோம்"ங்கிற கம்பெனிகள்ட்ட போனா நல்ல பங்கை அவங்க எடுத்துப்பாங்க.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, சென்னைலேர்ந்து பாரிஸ் திரும்புறப்ப ஐரோப்பிய ஏர்லைன்ல வந்தாத்தான் இந்தச் சட்டம். கல்ஃப் ஏர்லைன்ல வந்தா கிடையாது. இந்திய விதியில லேட்டுக்குன்னு ரொக்கமா எதுவும் இல்ல, ஒழுங்கா முன்கூட்டியே சொல்லாம கேன்சல் பண்ணினாத்தான் 5,000லேர்ந்து 10,000 ரூபாய் வரைக்கும், அதுவும் ஏர்லைன் கையில இல்லாத காரணம்னா வராது. நம்ம ஆளுங்க நேரத்துக்கு மதிப்பு அவ்வளவுதான்னு வச்சிருக்காங்க போல. லேட்டால உங்களுக்கு நிஜமா ஆன செலவு, அதாவது ஹோட்டல் பில்லு, டாக்ஸி பில்லு, அதை மான்ட்ரியல் ஒப்பந்தம்ங்கிற சர்வதேச விமானப் பயண ஒப்பந்தப்படி கேக்கலாம், இந்தியா அதுல 2009லேர்ந்து இருக்கு, ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். பெட்டி லேட்டா வந்தா கைக்குக் கிடைச்ச 21 நாளுக்குள்ள, உடைஞ்சு வந்தா 7 நாளுக்குள்ள எழுத்துல குடுக்கணும். ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே கவுன்ட்டர்ல பிஐஆர்னு ஒரு ரிப்போர்ட் போட்டு நம்பர் வாங்கிடுங்க, வீட்டுக்கு வந்து ஃபோன் பண்ணிக்கலாம்னு விட்டவங்க நிறைய பேர் வருத்தப்பட்டிருக்காங்க.

எல்லாரும் ஏறி உக்காந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு, அப்புறம் பைலட்டுக்கு டியூட்டி நேரம் முடிஞ்சுதாம், இறங்கிப் போயிட்டார். இது என்ன அநியாயம்? – வாசகர், மதுரை

அநியாயம்தான், ஆனா அது பைலட் பண்ணினது இல்ல. அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு மணி நேரம்னு சட்டம் இருக்கு, அதைத் தாண்டி அவர் இஷ்டத்துக்குப் பறக்க முடியாது. நீங்க உள்ள உக்காந்திருந்த அந்த ரெண்டு மணி நேரமும் அவர் கணக்குல ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. மாத்து ஆளை ரெடியா வைக்காத கம்பெனிகிட்ட போய்க் கத்துங்க, அது நியாயம். 2025 டிசம்பர்ல இண்டிகோ ஆயிரக்கணக்குல ஃப்ளைட் கேன்சல் பண்ணினாங்களே, அதுவும் இந்தக் கதைதான்: புது விதிப்படி பைலட்டோட வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்துலேர்ந்து 48 ஆச்சு, அவர் பண்ணக்கூடிய ராத்திரி லேண்டிங் ஆறுலேர்ந்து ரெண்டாச்சு, அதுக்குத் தேவையான பைலட்டை ஏற்பாடு பண்ணி வைக்கல. தூக்கம் கெட்ட ட்ரைவர் ஓட்டுற ஆம்னி பஸ்ல ராத்திரி மதுரைலேர்ந்து வந்தவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

கத்தினாத்தான் வேலை நடக்குதுன்னு சொல்றாங்களே? – வாசகர், சேலம்

நடக்காது. கேட்ல நிக்கிற பொண்ணுக்கு உங்களை விட ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் விஷயம் தெரியும். "அரை மணி நேரம், அரை மணி நேரம்"னு நான் தள்ளினதுல பாதி என்ஜினியர் அப்படித்தான் சொன்னார், மீதி மேலேர்ந்து அப்படிச் சொல்லச் சொன்னாங்க. கலாட்டா பண்ணினா நோ-ஃப்ளை லிஸ்ட்ல, அதாவது விமானத்துல ஏத்தக்கூடாதவங்க பட்டியல்ல பேர் ஏறும், வாய்ப்பேச்சுக்கு 3 மாசம் வரை, கைகலப்புக்கு 6 மாசம் வரை, உயிருக்கு ஆபத்து பண்ணினா 2 வருஷமும் அதுக்கு மேலயும். கத்துறதுக்கு பதில் ஒண்ணு பண்ணுங்க, ஃபிளைட்ரேடார்24 ஆப்ல உங்க விமானம் இப்ப எங்க இருக்குன்னு பாருங்க. உங்களை ஏத்திக்கிட்டுப் போக வேண்டிய விமானம் இன்னும் மஸ்கட்ல நிக்குதுன்னா அந்த "அரை மணி நேரம்" பொய்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், போய் ஒரு காபி குடிங்க. அப்புறம் என்ன சொன்னாங்களோ அதை மெசேஜாவோ மெயிலாவோ கேளுங்க. எழுத்துல வந்ததுக்குத்தான் மதிப்பு. பதில் இல்லைன்னா அரசாங்கத்தோட ஏர்சேவா போர்ட்டல்ல புகார் போடலாம்.

கோவை–டெல்லி தனி டிக்கெட், டெல்லி–டொரன்டோ தனி டிக்கெட், நடுவுல 3 மணி நேரம். டிசம்பர் கடைசில போறேன். 9,000 ரூபாய் மிச்சம். ஓகேவா? – மாணவர், பொள்ளாச்சி

தம்பி, வேண்டாம்ப்பா. டிசம்பர் கடைசின்னா டெல்லில பனிமூட்டம், பகல் பத்து மணி வரைக்கும் எதிர்ல நிக்கிற ஆள் தெரியாது. தனித்தனி டிக்கெட்னா முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா ரெண்டாவது கம்பெனிக்கு நீ வராத ஆளு, நோ-ஷோ, அவ்வளவுதான், லட்ச ரூபா டிக்கெட் போச்சு. ஒரே பிஎன்ஆர்ல எடுத்தா உன்னைக் கொண்டுபோய்ச் சேக்குறது அவங்க பொறுப்பு. இல்ல காசுதான் முக்கியம்னா முந்தின நாளே டெல்லி போய் ஆயிரத்தி ஐநூறுக்கு ஒரு ரூம் போட்டுப் படு, அப்பவும் மிச்சம்தான்.

பவர் பேங்க் எதுல வைக்கணும்? – பல பேர்

கைப்பையில. பெரிய பெட்டியில வச்சா பெட்டியை நிறுத்தி உங்களைக் கூப்பிடுவாங்க. 100 வாட்-ஹவர் வரைக்கும் பிரச்சினை இல்ல, சாதாரணமா விக்கிற 20,000 எம்ஏஹெச் ஒண்ணு 74தான் வரும். ஆனா நிறைய ஏர்லைன்ல இப்ப விமானத்துக்குள்ள அதுல சார்ஜ் போடக்கூடாது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல்லேர்ந்து, எமிரேட்ஸ் அக்டோபர்லேர்ந்து. அதனால ஃபோனை கேட்லயே ஃபுல் பண்ணிக்கோங்க.

லேட்டானா சாப்பிட வீட்லேர்ந்து என்ன எடுத்துட்டுப் போகலாம் மாமி? – வாசகி, மடிப்பாக்கம்

மாமின்னு கூப்பிட்டதுக்காகவே பதில் சொல்றேன். புளியோதரை, எண்ணெயும் பொடியும் தடவின இட்லி, சப்பாத்தி தாராளமா போகும். தயிர் சாதம் நீர்க்க இருந்தா செக்யூரிட்டில ஸ்பூனை விட்டுக் கிண்டிப் பாப்பாங்க, கெட்டியா பிசைஞ்சுக்கோங்க. ஊறுகாய் பாட்டில் கைப்பையில போகாது, பெரிய பெட்டிக்கு மாத்திடுங்க. முழு கொப்பரைத் தேங்கா ரெண்டுலயும் கூடாது, அது தானா சூடாகி தீப்பிடிக்கிற வகைன்னு விமான விதியில இருக்கு, பழனிக்குப் போயிட்டு நேரா ஏர்போர்ட் வந்த எத்தனையோ பேர்கிட்ட அதை வாங்கி வச்சிருக்கோம். இறங்குற ஊர் அமெரிக்காவோ ஆஸ்திரேலியாவோன்னா மிச்சம் இருக்கிறதை விமானத்துலயே காலி பண்ணிடுங்க, இல்லைன்னா கஸ்டம்ஸ் ஃபார்ம்ல "சாப்பாடு இருக்கு"ன்னு ஒழுங்கா டிக் அடிங்க. டப்பாவுல ஒரு பிடி கூடவே வைங்க, பக்கத்து சீட்ல யாராவது மாத்திரையை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாங்க.